பேராதனையிலிருந்து செங்கலடிக்கு: வெலிமடையைக் கடக்கும் நெடுஞ்சாலை

நுவரெலியாவிலிருந்து ஹக்கலை வழியாக இறங்கி வெலிமடைக்கு வருவோரில் பலர், தாம் பயணிக்கும் வீதி எங்கே போய் முடிகிறது என எண்ணிப் பார்ப்பதில்லை. ஏ5 என்று குறிக்கப்படும் அவ்வீதி பேராதனையில் தொடங்குகிறது. கம்பளை, இறம்பொடை, நுவரெலியா, வெலிமடை, பதுளை, பசறை, லுணுகலை, பிபிலை, மகாஓயா என 250 கிலோமீற்றருக்கும் அதிகமாக ஓடி, மட்டக்களப்பு மாவட்டத்துச் செங்கலடியில் முடிகிறது. மலையகத் தமிழரையும் கிழக்கிலங்கைத் தமிழரையும் ஒரே கோட்டில் இணைக்கும் வீதி என்ற வகையில் நம்மவர் அறிந்திருக்க வேண்டிய கதை இதற்கு உண்டு.

இவ்வீதியின் தொடக்கம் வாணிபமன்று, அச்சம். வெலிமடைக்கு அருகே கெப்பெட்டிபொல என்றோர் ஊர் இருக்கிறது. 1817இல் ஊவாவில் மூண்ட கிளர்ச்சியை அடக்கும்படி ஆங்கிலேயர் அனுப்பிய மொனரவில கெப்பெட்டிபொல, கிளர்ச்சியாளர் பக்கமே சேர்ந்துகொண்டார். அதற்கு முன்னர், தமக்குத் தரப்பட்ட ஆயுதங்களைத் திருப்பி அனுப்பிவிட்டார் என்பது அவரது பெருந்தன்மைக்குச் சான்றாகக் கூறப்படும். 1818 நவம்பர் 26ஆம் நாள் அவர் தலை துண்டிக்கப்பட்டது. படைகளையும் பீரங்கிகளையும் விரைந்து கொண்டு செல்லப் பாதையில்லாமல் மலைநாட்டை ஆள முடியாது என்பதே ஆட்சியாளர் அதில் கற்ற பாடம்.

ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் காலத்தில் கொழும்பு - கண்டி வீதி அமைந்தது. அதன் பணியில் இளைஞராகச் சேர்ந்த தோமஸ் ஸ்கின்னர் 1867இல் ஓய்வுபெற்றபோது, இலங்கையில் ஏறத்தாழ 3,000 மைல் வீதிகள் இருந்தன. ஊவாவில் வீதி திறந்தவர் மேஜர் தோமஸ் வில்லியம் ரொஜர்ஸ். ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் என்று பேர்பெற்ற அவர், 1845 ஜூன் 7ஆம் நாள் அப்புத்தளையில் மின்னல் தாக்கி மாண்டார். யானைகளின் சாபம் என்று ஊரார் சொன்னதில் வியப்பில்லை! பதுளையிலுள்ள புனித மாற்கு தேவாலயம் அவர் நினைவாக எழுந்ததே. கடுகண்ணாவையில் டோசனுக்குக் கோபுரம் உண்டு.

மண்ணை வெட்டியவர்களுக்கு எந்தக் கோபுரமும் இல்லை. 1832இல் இராசகாரியம் ஒழிக்கப்பட்டதும் உள்ளூர்க் குடிகளின் கட்டாய உழைப்பு இல்லாது போயிற்று. அந்த இடத்தைப் பெருமளவில் நிரப்பியவர்கள் தென்னிந்தியத் தமிழர். 'பயோனியர்' படை என்ற பெயரில், இராணுவக் கட்டுப்பாட்டின் கீழ் அவர்கள் பாறை உடைத்தனர், பாலம் கட்டினர். 1848இல் வந்த வீதிச் சட்டம் வயதுவந்த ஆண்கள் ஆண்டுக்கு ஆறு நாள் வீதியில் உழைக்க வேண்டும், அல்லது வரி செலுத்த வேண்டும் என்றது. அவ்வாண்டின் மாத்தளைக் கிளர்ச்சிக்கு அதுவும் ஒரு காரணம். நம் மக்களின் இலங்கை வரலாற்றைக் கோப்பிச் செடியிலிருந்தே தொடங்கும் வழக்கம் நம்மிடம் உள்ளது. கோப்பிக்கு நிகராக வீதியும் அந்தத் தொடக்கத்தில் இடம்பெற வேண்டும் என்பது என் கருத்து.

பின்னர் வந்தது மோட்டார் யுகம். 1902இல் முதல் கார் இலங்கையில் இறங்கியது. 1904இல் மோட்டார்க் கழகமும் தோன்றிற்று. மாட்டுவண்டி ஏறுவதற்கென வளைத்து வளைத்து வெட்டிய வண்டிப்பாதையே கார்ப்பாதை ஆயிற்று. இன்றும் ஹக்கலை இறக்கத்தில் பஸ் திணறித் திரும்பும் வளைவுகளில் காளைகளின் மூச்சு இருக்கிறது. புகையிரதம் 1894இல் பண்டாரவளையையும் 1924இல் பதுளையையும் அடைந்தது. வெலிமடையை அது தொடவேயில்லை. ஆகவே அவ்வூருக்கு வீதியே உயிர்நாடி. துரைமார் காரில் சென்று வாடிவீட்டில் தங்கினர். வீதியமைத்தோரின் பேரப்பிள்ளைகள் அதன் ஓரமாக நடந்தனர். 1958 ஜனவரி முதலாம் நாள் பஸ் சேவைகள் அரசுடைமையாகி இ.போ.ச. உருவான பின்னரும், லயத்திலிருந்து பஸ் நிற்குமிடம் வரை நடை ஓயவில்லை. தூரத்தை இன்னமும் 'கட்டை'க் கணக்கில் சொல்கிறார்கள். மைல்கற்கள் மாறி எத்தனையோ காலமாயிற்று.

1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி உடன்படிக்கைக்குப் பின் இவ்வீதி வேறொரு பயணத்தையும் கண்டது. தகரப் பெட்டியும் பாய்ச்சுருளுமாகத் தோட்டத்து லொறிகளில் ஏறி, புகையிரத நிலையத்துக்கும் அங்கிருந்து தலைமன்னாருக்கும் சென்றனர் நம்மவர். வழியனுப்ப வந்தோர் லொறியின் பின்னால் ஓடியதைப் பத்திரிகையாளனாக நின்று கண்டிருக்கிறேன். குறிப்புப் புத்தகத்தில் அன்று ஒரு வரியும் எழுதவில்லை.

கிழக்கு முனையின் கதை வேறு. போர்க் காலத்தில் மகாஓயாவுக்கும் செங்கலடிக்கும் இடைப்பட்ட பகுதி நெடுங்காலம் பொதுப் பயணத்துக்கு உதவாமற் கிடந்தது. போர் முடிந்து, சீன நிறுவனமொன்று அங்கே வீதியைப் புனரமைத்துக்கொண்டிருந்த வேளை, பாறை உடைப்பதற்கென்று கரடியனாறு பொலிஸ் நிலையத்தில் வைக்கப்பட்டிருந்த வெடிமருந்து 2010 செப்டெம்பர் 17ஆம் நாள் வெடித்தது. இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களில் சீனர் இருவரும் அடங்குவர். இப்போது அவ்விடத்தைக் கடந்து மட்டக்களப்புக்கும் பதுளைக்கும் பஸ்கள் ஓடுகின்றன.