கடலூரா, புதுவையா?

புதுச்சேரிப் பெரிய மார்க்கெட்டில் ஒரு நாள் காலையில் சங்கரா மீன் விலை கேட்டேன். மீன்காரம்மாள் ஒரு விலை சொன்னாள். நான் வழக்கம்போல் முகத்தைச் சுளித்துக்கொண்டு இரண்டு அடி நகர்ந்தேன்.

“தம்பிக்குக் கடலூரா?” என்றாள்.

“எப்படிம்மா கண்டுபிடிச்சீங்க?”

“விலை சொன்னதும் போற மாதிரி காலை எடுத்தீங்களே! எங்க ஊர்க்காரங்கன்னா நின்னு நாலு வார்த்தை பேசிட்டுத்தான் போவாங்க.”

சிரித்துவிட்டேன். சிரித்தபின் பேரம் பேச முடியுமா? கேட்ட விலையைக் கொடுத்து வாங்கிக்கொண்டேன்.

புதுவைக்காரர்கள் இனியவர்கள், கடலூர்க்காரர்கள் கெடுபிடிக்காரர்கள் என்று எங்கள் பக்கத்தில் நெடுநாளாக ஒரு பேச்சு உண்டு. இரண்டு ஊருக்கும் நடுவே 20 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தூரம்தான். ஒரே கடல், ஒரே உப்புக் காற்று, ஒரே தமிழ். பெண் கொடுத்துப் பெண் எடுக்கிற குடும்பங்கள். பிறகு சுபாவம் மட்டும் எப்படி வேறாயிற்று? “எல்லாம் பிரெஞ்சுக்காரன் பழக்கிவிட்ட நாகரிகம் ஐயா!” என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

இந்த மார்க்கெட்டின் பெயரையே பாருங்கள். புதுவையின் மேயராக இருந்து, 1963-ல் முதல் முதலமைச்சராகவும் ஆன எதுவார் குபேரின் பெயரை இதற்கு வைத்தார்கள். பிரெஞ்சு எழுத்தில் அவர் பெயர் எப்படி இருந்தாலும், தமிழர் வாயில் புகுந்ததும் அவர் செல்வத்துக்கு அதிபதியான குபேரனாகிவிட்டார். கடைத் தெருவுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்குமா? இங்கே யார் யாரைப் பழக்கினார்கள் என்று நீங்களே சொல்லுங்கள்.

வெள்ளைக்காரர்கள் இந்த இரண்டு ஊர்களுக்கும் செய்த உபகாரம் வேறு மாதிரியானது. கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்துக் கோட்டையை ஆங்கிலேயர்கள் 1690-ல் மராட்டியரிடம் விலைக்கு வாங்கினார்கள். கோட்டையிலிருந்து சுடும் பீரங்கிக் குண்டு எங்கே போய் விழுகிறதோ அதுவரையில் அவர்கள் நிலம் என்பது ஒப்பந்தம். அதற்குள் அகப்பட்டவற்றுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர் வந்துவிட்டது. அவரவர் வீட்டில் சமைத்துக்கொண்டிருந்தவர்கள் தலைக்கு மேல் ஒரு குண்டு பறந்துபோயிற்று. அவ்வளவுதான், அன்று மாலை அவர்கள் கம்பெனிக் குடிகள்!

1746-ல் சென்னையைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்தபோது, மாறுவேஷத்தில் தப்பிய கிளைவ் ஓடிவந்து சேர்ந்த இடம் இந்தத் தேவனாம்பட்டினம். டூப்ளே பலமுறை முயன்றும் அதைப் பிடிக்க முடியவில்லை. 1758-ல் லாலி பிடித்தான். பிடித்ததோடு நிற்காமல் இடித்துத் தள்ளினான். 1761 ஜனவரியில் புதுவை ஆங்கிலேயர் கையில் விழுந்தது. அவர்கள் பழிக்குப் பழியாக ஊரையே தரைமட்டமாக்கினார்கள். 1736-லிருந்து நாள்தோறும் நடந்ததையெல்லாம் எழுதிவைத்த ஆனந்தரங்கப் பிள்ளை, ஊர் விழுவதற்குச் சில நாட்கள் முன்னால் கண்ணை மூடிவிட்டார். அந்தக் காட்சியைக் காணாமல் போனது அவர் செய்த புண்ணியம். மார்க்கெட்டை ஒட்டிய ரங்கப்பிள்ளை வீதியில் அவர் மாளிகை இன்றும் நிற்கிறது.

அப்புறம் புதுவையைத் திரும்பக் கட்டினார்கள். கட்டிய ஊரில் பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே வெள்ளைக்காரர், மேற்கே தமிழர். இனிய ஊருக்குள்ளும் ஒரு கோடு இருந்தது என்பதை மறந்துவிடக்கூடாது. மார்க்கெட் இருப்பது மேற்கே. நான் சொல்ல வந்த கதையும் மேற்கே நடந்ததுதான்.

1908-ல் போலீஸுக்குத் தப்பிப் பாரதியார் புதுவைக்கு வந்தார். முதலில் இடம் கொடுத்தவரே போலீஸ் மிரட்டலில் பயந்துபோனார் என்பது வரலாறு. ஆகவே புதுவைக்காரர் எல்லாரும் வீரர்கள் என்று நான் கதை கட்டப்போவதில்லை. ஆனால் விளக்கெண்ணெய்ச் செட்டியார் என்று ஒரு வீட்டுக்காரர் இருந்தார். வாடகை கேட்க வருவார், பாட்டைக் கேட்பார், வாடகையைக் கேட்காமலே போய்விடுவார். வ.ரா. எழுதியிருக்கும் இந்தச் செய்தியைப் படிக்கும்போதெல்லாம், என் வாழ்நாளில் நான் கண்ட வீட்டுக்காரர்களை நினைத்துப் பெருமூச்சு விடுகிறேன்.

1910-ல் அரவிந்தர் வந்து இறங்கியபோது கலவை சங்கரச் செட்டியார் தம் வீட்டு மாடியைக் கொடுத்தார். மறு வருஷம், பிரிட்டிஷாரின் நெருக்குதலும் சேர்ந்து, அரசாங்கம் ஒரு சட்டம் போட்டது. அன்னிய நாட்டிலிருந்து வந்து தங்கியிருப்பவர்கள், ஊர்ப் பெரிய மனிதர் ஐந்து பேரின் நற்சான்று காட்டவேண்டும். இல்லையேல் வெளியேற வேண்டும். ஒற்றர்கள் தெருத் தெருவாக நடமாடிக்கொண்டிருந்த காலம். யார் துணிந்து கையெழுத்துப் போடுவார்கள்? போட்டார்கள். சங்கரச் செட்டியார் முன்னின்று ஐந்து கையெழுத்தையும் வாங்கிக் கொடுத்தார். புதுவையின் விருந்தோம்பல் என்று நாம் கொண்டாடுவது பிரெஞ்சுக் கொடி கொடுத்ததல்ல. கொடி சட்டத்தைத்தான் போட்டது. கையெழுத்தைப் போட்டவர்கள் உள்ளூர் மனிதர்கள்.

1918 நவம்பரில் பாரதியார் எல்லையைத் தாண்டினார். உடனே கைது, கடலூர்ச் சிறையில் மூன்று வாரத்துக்கு மேல் வாசம். “பார்த்தீர்களா, கடலூர்ப் புத்தியை!” என்று புதுவை நண்பர்கள் என்னைக் குத்திக்காட்டுவது வழக்கம். சிறையைக் கட்டியது கடலூர்க்காரனா? கலெக்டர் கச்சேரியும் கோர்ட்டும் சிறையும் வைக்கிற இடமாகச் சர்க்கார் அந்த ஊரைத் தேர்ந்தெடுத்தது. மனுவும் வாய்தாவுமாக நூறு வருஷம் அலைந்தவன் விலை கேட்கும்போது கொஞ்சம் முறைப்பாகத்தான் கேட்பான்.

ஒளிந்துகொள்ள இடம் இல்லாத ஊரில் ஒரே வழிதான் உண்டு: நேரே சிறைக்குள் போவது. கடலூர் அஞ்சலையம்மாள் அப்படிப் போனவர். 1927-ல் சென்னை மவுண்ட் ரோட்டிலிருந்த நீல் துரையின் சிலையை அகற்றும் போராட்டத்துக்குச் சிறுமியான தம் மகளையும் கூட்டிக்கொண்டு போனார். பாரதிக்குப் புதுவை கொடுத்தது வீடு. அஞ்சலையம்மாளுக்குக் கடலூர் கொடுத்தது முரட்டுப் பிடிவாதம். எது பெரிது என்று தராசில் நிறுக்க எனக்குத் தெரியாது.

கதை படிக்கிற நேயர்களுக்கு இன்னொன்றும் சொல்லவேண்டும். கவிதைக்குப் புதுவை பாரதிதாசனைத் தந்தது. புதுமைப்பித்தன் 1906-ல் பிறந்தது திருப்பாதிரிப்புலியூரில். தகப்பனாரின் சர்க்கார் உத்தியோகம் கொண்டுவந்து சேர்த்த ஊர் அது. ஜெயகாந்தன் 1934-ல் பிறந்தது மஞ்சக்குப்பத்தில். இருவரும் யார் முகத்துக்காகவும் இனிக்க இனிக்க எழுதியவர்கள் அல்ல. அட, கடலூர்க் காற்று உரைநடைக்கு ஏற்றதோ என்று ஒரு சித்தாந்தம் கட்டத் தொடங்கினேன். புதுவையிலேயே பிறந்து, ரங்கப்பிள்ளையின் நாட்குறிப்பிலிருந்து ‘வானம் வசப்படும்’ நாவலைப் படைத்த பிரபஞ்சன் நினைவுக்கு வந்தார். சித்தாந்தத்தை அங்கேயே விட்டுவிட்டேன்.

மீன் பையோடு கடலூர் பஸ் ஏறினேன். முள்ளோடையில் மதுக்கடைகளின் வரிசை முடிந்தது. எல்லை வந்துவிட்டது என்று அர்த்தம். சாவடியில் ஒரு போலீஸ்காரர் ஏறிப் பையைத் தட்டிப் பார்த்தார்.

“என்ன சார் இது?”

“சங்கரா மீன். பெரிய மார்க்கெட்டில் வாங்கினேன்.”

“என்ன விலை கொடுத்தீங்க?”

சொன்னேன். அவர் முகத்தில் உண்மையான வருத்தம் தெரிந்தது.

“நல்லா ஏமாந்துட்டீங்களே சார்! நம்ம துறைமுகத்துக்கு வந்திருக்கக் கூடாதா?” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.