ஹுட்ஸ்பா

ஹுட்ஸ்பா என்பது கூச்சநாச்சமில்லாத துணிச்சலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல். எபிரேயத்தில் பிறந்து, கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் யித்திஷ் மொழி வழியாக ஆங்கிலத்துக்குள் வந்தது. மூலத்தில் இது வெறும் வசை, மெச்சும் பொருள் அமெரிக்காவில்தான் ஒட்டிக்கொண்டது என்று பலர் சொல்வதுண்டு. சான்றுகள் அதற்கு இடம் கொடுக்கவில்லை. லண்டன் யூதர்களின் வாழ்க்கையைப் பற்றி இஸ்ரேல் சாங்வில் 1892இல் வெளியிட்ட ‘சில்ட்ரன் ஆஃப் த கெட்டோ’ நாவல், இச்சொல்லின் தொடக்ககால ஆங்கிலப் பதிவுகளில் ஒன்று. அதிலேயே அவர் இதற்குப் பொருள் கூறும்போது, காரியத்தில் இறங்கும் ஊக்கத்தையும் வெட்கங்கெட்ட துடுக்கையும் ஒரே மூச்சில் அடுக்குகிறார்.

இந்த இரட்டைத்தன்மையின் வேர் இன்னும் ஆழத்தில், யூதச் சட்ட மரபு நூலான பாபிலோனியத் தல்மூதின் சன்ஹெட்ரின் பகுதியில் இருக்கிறது. அங்கே பேசப்படுவது ஒரு விவிலியக் கதை. இஸ்ரவேலரைச் சபிக்க மோவாபின் அரசன் பாலாக், பிலேயாம் என்ற தீர்க்கதரிசியை அழைக்கிறான். போகாதே என்று கடவுள் முதலில் தடுக்கிறார். தூதர்கள் இரண்டாம் முறை வந்தபோதும் பிலேயாம் விடாமல் அனுமதிக்குக் காத்திருக்க, கடவுளே போ என்கிறார். இதிலிருந்து தல்மூத் ஞானி ரவ் நஹ்மான், வானத்தை எதிர்த்தாலும் ஹுட்ஸ்பா பலிக்கும் என்று முடிவுகட்டுகிறார். இன்னொரு ஞானியான ரவ் ஷேஷெத்தோ அதை முடிசூடாத அரசாட்சி என்கிறார். பிலேயாம் கெட்டவனாயிற்றே, இது எப்படிப் பாராட்டாகும் என்று கேட்கலாம். மெசியா வருமுன் ஹுட்ஸ்பா பெருகும் என்று தல்மூதின் அடிநூலான மிஷ்னா சொல்வதும் சீர்கேட்டின் அடையாளமாகத்தான். இரண்டுமே நியாயமான மறுப்புகள். ஆனால் தல்மூத் ஞானிகள் அந்தக் குணத்தின் ஒழுக்கத்தை மெச்சவில்லை. அதன் வலிமையை ஒப்புக்கொண்டார்கள். வலிமை என்று ஒப்புக்கொண்டபின், அது யாருக்காகச் செலவாகிறது என்ற கேள்வி தானே எழும். 18ஆம் நூற்றாண்டில் பெர்டிச்சேவ் நகரின் ரப்பி லேவி யிட்ஸ்ஹாக், துன்பப்படும் தம் மக்களுக்காகக் கடவுள்மீதே வழக்குத் தொடுத்தவர் என்று ஹசிதியம் என்ற யூத பக்தி இயக்கத்தின் மரபு அன்போடு நினைவுகூர்கிறது. அதே நெஞ்சழுத்தம் அங்கே பக்தியாகிவிடுகிறது.

அமெரிக்கா செய்தது சொல்லை ஊரறிய வைத்ததுதான். பெற்றோரைக் கொன்றுவிட்டு, ‘நான் அநாதை, கருணை காட்டுங்கள்’ என்று கோர்ட்டில் மன்றாடுபவன் கதையை லியோ ராஸ்டன் 1968இல் தம் ‘த ஜாய்ஸ் ஆஃப் யித்திஷ்’ நூலில் விளக்கமாகத் தந்தார். இன்றுவரை அதிகம் எடுத்தாளப்படுவது அதுதான். ஆனால் தனக்காக மட்டுமே துணிபவனை அது காட்டுவதால், சொல்லின் ஒரு பாதியே அதில் தெரிகிறது. நீதிமன்றங்களும் அந்தப் பாதியையே பிடித்துக்கொண்டன. 1972இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம், துப்பாக்கி திருட ஷெரிஃப் அலுவலகத்துக்குள்ளேயே புகுந்த செயலுக்கு இச்சொல்லைச் சூட்டியது. 1998இல், கலைகளுக்கான அரசு மானியம் பற்றிய ஃபின்லி வழக்கில், அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி அன்டோனின் ஸ்காலியாவும் கண்டிப்பதற்காகவே இதை எழுதினார். இத்தாலிய வம்சாவளிக் கத்தோலிக்கரான அவர் கைக்கு வருவதற்குள் சொல் யூத எல்லையைத் தாண்டியிருந்தது. அதன் பழைய காரம் மட்டும் குறையவில்லை.