மின்தடைய நிறக்குறியீடு

மின்தடைய நிறக்குறியீடு என்பது மின்தடையம் ஒன்றின் தடை மதிப்பை நிறப் பட்டைகளால் குறிக்கும் முறை ஆகும். இது ஐ.ஈ.சி 60062 சீர்தரத்தில் வரையறுக்கப்பட்டுள்ளது.

படிக்கும் முறை

கறுப்பு 0, பழுப்பு 1, சிவப்பு 2, செம்மஞ்சள் 3, மஞ்சள் 4, பச்சை 5, நீலம் 6, ஊதா 7, சாம்பல் 8, வெள்ளை 9.

நான்கு பட்டை மின்தடையத்தில் முதலிரு பட்டைகள் இலக்கங்களையும், மூன்றாவது பொதுவாக அவற்றின் பின் இடவேண்டிய சுழியங்களின் எண்ணிக்கையையும், நான்காவது அனுமதிக்கப்பட்ட வேறுபாட்டையும் (பொன்னிறம் ±5%, வெள்ளி ±10%) குறிக்கும். எடுத்துக்காட்டாக, மஞ்சள், ஊதா, சிவப்பு, பொன்னிறம் என்பது 4700 ஓம் ஆகும். இதன் உண்மை மதிப்பு 4465 முதல் 4935 ஓம் வரை இருக்கலாம்.

மாற்றுதல்

வெப்பத்தால் நிறங்கள் மாறக்கூடும். மேற்கண்ட மின்தடையத்தின் சிவப்புப் பட்டை கருகிப் பழுப்பாகத் தோன்றினால், அது 470 ஓம் எனப் பிழையாகப் படிக்கப்படும். எனவே கருகிய மின்தடையத்தின் மதிப்பைச் சுற்றுப்படத்தைக் கொண்டு உறுதி செய்தல் வேண்டும்.

மல்டிமீட்டரால் அளக்கும்போது மின்சாரத்தைத் துண்டித்து, மின்தேக்கிகளில் மின்னேற்றம் இல்லை என்பதை உறுதி செய்து, மின்தடையத்தின் ஒரு முனையைச் சுற்றிலிருந்து விடுவிக்க வேண்டும். இல்லையெனில் இணையாக உள்ள பிற உறுப்புகளால் அளவு குறைந்து காட்டலாம்.

இந்நிறப் பட்டைகள் வாட் அளவைக் குறிப்பதில்லை. புதிய மின்தடையம் அதே தடை மதிப்பும், பழையதற்குக் குறையாத வாட் அளவும் உடையதாக இருத்தல் வேண்டும். மின்தடையத்திற்கு நேர், எதிர் முனைகள் இல்லாததால் எத்திசையிலும் பற்றவைக்கலாம். கருகியதற்கான காரணம் களையப்படாவிடின் புதியதும் கருகக்கூடும்.