சூரியனை விட மனசில்லாத கான்ஸ்டன்டைன்

கி.பி. 312, அக்டோபர் 28. ரோமுக்கு வெளியே மில்வியன் பாலத்தருகே மாக்சென்டியஸைத் தோற்கடிக்கிறார் கான்ஸ்டன்டைன். போருக்கு முன்னால் வானத்தில் சிலுவையைக் கண்டார், அன்றோடு கிறிஸ்தவர் ஆகிவிட்டார் என்பது நமக்கெல்லாம் தெரிந்த கதை. நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைச்சிட்டிருந்தேன். அவருடைய காசுகளை வருஷ வரிசையில் பார்க்க ஆரம்பிச்ச பிறகுதான் சந்தேகம் வந்துச்சு.

அடுத்த ஆண்டே, 313-ல், வட இத்தாலியின் டிசினம் நாணயச்சாலையில் ஒரு பெரிய தங்கப் பதக்கம் அடிக்கிறார்கள். அதில் இரண்டு முகங்கள், ஒன்றையொன்று ஒட்டி, ஒரே திசையைப் பார்த்தபடி. முன்னால் கான்ஸ்டன்டைன், பின்னால் கதிர்முடி சூடிய சூரியக் கடவுள் சோல். பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கிறார்கள். போதாததற்கு, பேரரசரின் கேடயத்திலும் சூரியனின் நாலு குதிரைத் தேர்.

தங்கப் பதக்கம் பெரிய இடத்துப் பரிசு. சந்தையில் புழங்கிய வெண்கலக் காசு? அதிலும் அவரேதான். லண்டன், ட்ரியர், ஆர்ல், ரோம் என்று பல ஊர்களில் அடித்த காசுகளில் கையை உயர்த்தி நிற்கிறார் சோல். சுற்றிலும் 'சோலி இன்விக்டோ கோமிட்டி', அதாவது 'வெல்ல முடியாத சூரியனுக்கு, தோழனுக்கு' என்ற எழுத்து. வெண்கலத்தில் சுமார் 318 வரை இது தொடர்கிறது. தங்கத்தில் 325 வாக்கில் வரைக்கும். நைசியாவில் ஆயர்களைக் கூட்டி கிறிஸ்துவின் தெய்வத்தன்மை பற்றி விவாதிக்க வைத்தாரே, அதே ஆண்டு!

கிறிஸ்தவ அடையாளம் இல்லாமலில்லை. 315-ஐச் சேர்ந்த வெள்ளிப் பதக்கத்தில், தலைக்கவசத்தின் மேல் கை-ரோ எழுத்துக் குறி பொடிசாகத் தெரிகிறது. 327 வாக்கில் கான்ஸ்டன்டினோப்பிளில் அடித்த ஒரு காசில் அந்தக் குறி தாங்கிய கொடிக்கம்பம் பாம்பைக் குத்தி நிற்கிறது. இரண்டுமே அபூர்வம்.

இதை வைத்து அவரை வேஷதாரி என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோணலை. அச்சு வெட்டுபவர்களின் பழக்கதோஷம் என்ற சமாதானமும் வெண்கலத்துக்குப் பொருந்தலாம், அந்தத் தங்கப் பதக்கத்துக்குப் பொருந்தாது. சூரியனும் கிறிஸ்துவும் அவர் மனசில் ரொம்ப காலம் பிரியவே இல்லை என்றுதான் நினைக்கிறேன். 321-ல் ஞாயிற்றுக்கிழமையை ஓய்வுநாள் ஆக்கிய அவரது சட்டம், அதை 'வணக்கத்துக்குரிய சூரியனின் நாள்' என்றுதான் குறிப்பிடுகிறது.

337-ல் அவர் இறந்த பிறகு மகன்கள் வெளியிட்ட காசுதான் உச்சம். முக்காடிட்ட கான்ஸ்டன்டைன் நாலு குதிரைத் தேரில் மேலே போகிறார்; வானத்திலிருந்து ஒரு கை நீள்கிறது. ஆயர் யுசிபியஸ் தன் நூலில் இந்தக் காசை மகிழ்ச்சியோடு வர்ணிக்கிறார். காசின் மறுபக்கத்தில் 'டிவுஸ்' என்பதன் சுருக்கம் இருக்கிறது. இறந்து தெய்வமான பழைய பேரரசர்களுக்கு ரோம் கொடுத்துவந்த பட்டம் அது. யுசிபியஸ் அதை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டார்.