சிறிய துளையின் வெற்றி

தொலைவிலுள்ள இலக்கை எட்டப் பெரிய துளையுள்ள துப்பாக்கியே ஏற்றது என்று நீங்கள் எண்ணலாம். 1853-ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் என்ஃபீல்டு துப்பாக்கிக் குழலின் உள்விட்டம் 0.577 அங்குலம். பொறியியலறிஞர் ஜோசப் விட்வொர்த் அதை 0.451 அங்குலமாக்கினார். ஆனால் குண்டின் எடையைக் குறைக்கவில்லை. ஏறத்தாழ 34 கிராமாகவே வைத்து, நீளத்தைக் கூட்டினார்.

பரப்பு விட்டத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் உள்ளதல்லவா? எனவே காற்றை எதிர்க்கும் முகப்பு ஐந்தில் இரு பங்கு குறைந்தது. வேகமும் எளிதில் குறையவில்லை. நீண்ட குண்டு புரளாதிருக்க விரைந்து சுழலவேண்டும். என்ஃபீல்டு குழலின் புரி 78 அங்குலத்தில் ஒரு சுற்றுச் சுற்றியது. விட்வொர்த் குழலிலோ 20 அங்குலத்தில்!

1857-ஆம் ஆண்டுச் சோதனையில் விட்வொர்த்தே வென்றார். எனினும் விலை மிகுதி; வெடிமருந்துக் கரியும் குழலில் படிந்தது. படை தயங்கியது. 1871-இல் அது ஏற்ற மார்ட்டினி-ஹென்றியின் உள்விட்டம் 0.45 அங்குலமே.