வேகமும் எரிபொருளும்

விரைந்து செல்லவேண்டும் என்னும் அவா மனிதனுக்கு இன்று நேற்றுத் தோன்றியதன்று. குதிரையைப் பழக்கியதும், பாய்மரத்தை விரித்ததும், நீராவியை வேலை வாங்கியதும் அந்த அவாவின் விளைவுகளே. ஆயினும் வேகத்துக்கு ஒரு விலை உண்டு. மோட்டார் வண்டி அவ்விலையைப் பெற்றோலாகப் பெறுகின்றது. அதனைக் குறைப்பதற்கென ஐக்கிய அமெரிக்கா இயற்றிய ஒரு சட்டத்தின் வரலாறே இப்பேச்சின் பொருளாகும்.

முதலில் இயற்கையின் கணக்கை நோக்குவோம். ஓடும் வண்டியை இரண்டு தடைகள் எதிர்க்கின்றன. ஒன்று சில்லுகளின் உருளல் தடை. இது வேகத்தோடு பெரிதும் மாறுவதில்லை. மற்றையது வளித்தடை, இதுவோ வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்வது. வேகம் இருமடங்காயின் வளித்தடை நான்கு மடங்காகும். மணிக்கு 50 மைல் வேகத்தில் ஓடிய வண்டி 70 மைல் வேகத்தை எட்டும்பொழுது, அதே தூரத்தைக் கடப்பதற்கு ஏறக்குறைய இருமடங்கு வளித்தடையை வெல்லவேண்டியிருக்கிறது. இதனால், மெல்ல ஊர்ந்து சென்றாற் சிக்கனம் மிகும் என்று எண்ணுதலும் தவறு. வண்டி நின்றாலும் எஞ்சின் எண்ணெயைக் குடித்துக்கொண்டே இருக்கும். ஆகவே மிகுந்த வேகமும் நட்டம். மிகக் குறைந்த வேகமும் நட்டம். பெரும்பாலான வண்டிகளுக்கு இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட சீரான ஓட்டமே சிக்கனமானது.

இந்த உண்மையை அமெரிக்க அரசு முதன்முதல் நாடு தழுவிய முறையிற் கையாண்டது இரண்டாம் உலகப் போர்க் காலத்திலாகும். ஆனால் அன்று அதன் கவலை எண்ணெய் பற்றியதன்று, இறப்பர் பற்றியது. 1942ஆம் ஆண்டில் மலாயாவும் டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளும் யப்பானியர் வசமாயின. நேசநாடுகளுக்கு எஞ்சிய இயற்கை இறப்பரின் தலையாய விளைநிலமாக நமது இலங்கைத் தீவே அமைந்தது. தயர்களைக் காப்பதற்காக மணிக்கு 35 மைல் என்னும் வேக எல்லை விதிக்கப்பட்டது. அவ்வாண்டு டிசெம்பர் முதலாந் திகதி தொடக்கம் நாடெங்கும் பெற்றோல் பங்கீடும் நடைமுறைக்கு வந்தது. இறப்பரைக் காக்கப் பெற்றோலை அளந்து கொடுத்த விந்தை அது. போர் முடிந்ததும் அக்கட்டுப்பாடும் முடிந்தது.

பின்னர் வந்த ஆண்டுகளில் எண்ணெய் மலிந்தது. வண்டிகள் பருத்தன, நெடுஞ்சாலைகள் அகன்றன. பல மாநிலங்களில் 70 மைல் வேகம் சட்டத்துக்கு உட்பட்டதாயிற்று. 1973ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் மத்திய கிழக்கிற் போர் மூண்டபொழுது, இசிரவேலுக்கு உதவிய அமெரிக்காவுக்கு எண்ணெய் அனுப்புவதை அரபு நாடுகள் நிறுத்தின. சில மாதங்களுள் எண்ணெய் விலை ஏறக்குறைய நான்கு மடங்காயிற்று. எண்ணெய் நிலையங்களின் முன் வண்டிகள் மணிக்கணக்கிற் காத்து நின்றன. 1974ஆம் ஆண்டு சனவரி 2ஆந் திகதி, எந்த நெடுஞ்சாலையிலும் 55 மைலுக்கு மேல் வேகம் கூடாது என்னும் சட்டத்திற் சனாதிபதி நிக்சன் கையொப்பமிட்டார். இதனை ஏற்காத மாநிலங்களுக்கு வீதி அமைப்புக்கான மத்திய அரசின் பணம் கிடையாது என்பது அதன் பிடி.

சட்டம் வந்தது, உடன்பாடு வரவில்லை. ஓடிய தூரத்துக்குக் கூலி பெறும் லொறிச் சாரதிக்கு நேரமே ஊதியம். விலையேற்றத்தாலும் வேகக் குறைப்பாலும் வெகுண்ட சாரதிகள் 1973 டிசெம்பரிலேயே பெருவீதிகளை மறித்தனர். பின்னர் காவலர் நிற்கும் இடத்தைச் சிற்றலை வானொலி மூலம் ஒருவருக்கொருவர் அறிவித்துத் தப்பினர். நெடுந்தூர வெளிகளையுடைய மொன்ரானா மாநிலம், பகலில் இவ்வெல்லையை மீறியோருக்கு ஐந்து டொலர் மட்டுமே தண்டம் விதித்தது. அத்தண்டமும் வேகத்துக்காக அன்று, எரிபொருளை வீணாக்கிய குற்றத்துக்காக! சட்டத்தின் நோக்கத்தை எழுத்துப் பிசகாமற் காத்து, அதன் வலிமையை நீக்கிய சாமர்த்தியம் அது.

இத்தனைக்கும் பின் மிச்சமானது எவ்வளவு? எதிர்பார்த்ததிலும் குறைவே. வீதிகளிற் செலவான எரிபொருளில் நூற்றுக்கு ஓரிரு பங்கே மீந்தது என்பது ஆராய்ந்தோர் பலரின் கணிப்பு. நகரத்துள் ஓடும் வண்டிகள் முன்னரும் அவ்வெல்லைக்குட்பட்டே ஓடின. நகருக்கு வெளியிலோ பலர் சட்டத்தைப் பொருட்படுத்தவில்லை. புதிய வண்டிகளின் சராசரித் திறனை 1985இல் அமெரிக்கக் கலனுக்கு 27.5 மைலாக உயர்த்தவேண்டும் என 1975இல் உற்பத்தியாளருக்கு இட்ட கட்டளையே எண்ணெய்ச் சிக்கனத்துக்குப் பெரிதும் உதவியது.

ஆனால் எவரும் முதன்மையாக நாடாத ஒரு பயன் விளைந்தது. 1973இல் வீதி விபத்துக்களில் ஏறத்தாழ 54,000 பேர் மாண்டனர். 1974இல் அத்தொகை ஏறத்தாழ 45,000 ஆகக் குறைந்தது. மக்கள் வண்டியோட்டுவதைக் குறைத்ததும் இதற்கு ஒரு காரணமே. எனினும் குறைந்த வேகம் ஆண்டுதோறும் 2,000 முதல் 4,000 வரையான உயிர்களைக் காத்தது என 1984இல் வெளியான தேசிய ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு மதிப்பிட்டது. இறப்பருக்காகப் பெற்றோலை அளந்த நாடு, பெற்றோலுக்காக வேகத்தைக் கட்டி, உயிர்களைக் காத்தது.

எண்ணெய் மீண்டும் மலிந்ததும் சட்டம் தளர்ந்தது. 1987இல் நாட்டுப்புறப் பெருவீதிகளில் 65 மைலுக்கு இடமளிக்கப்பட்டது. 1995ஆம் ஆண்டு நவம்பரிற் சனாதிபதி கிளின்ரன் காலத்தில் அச்சட்டம் முற்றாக நீக்கப்பட்டது. பஞ்சம் தெரிந்தவரையில் மக்கள் ஒருவாறு பொறுத்தனர். பஞ்சம் மறைந்ததும் பொறுமையும் மறைந்தது. தனியொருவன் மிச்சப்படுத்தும் சில துளி எண்ணெய் அவன் கண்ணுக்குப் புலனாவதில்லை. இழக்கும் பத்து நிமிடமோ உடனே உறைக்கின்றது. விபத்திற் சிக்காது வீடு திரும்பியவனும், தன்னைக் காத்தது அச்சட்டமே என அறிய வழியில்லை.

மன்றம் இயற்றிய சட்டத்தை மன்றம் நீக்கலாம். வளித்தடையின் சட்டத்தை நீக்குவார் எவருமிலர். சாரதி விசையை அழுத்தும் ஒவ்வொரு முறையும் அது தன் வரியைத் தவறாமல் அறவிடுகின்றது.