'வாப்பா' என்ற சொல்லும் நடுவில் நின்றவர்களும்: திருகோணமலையில் உரைபெயர்ப்பின் வரலாறு

துறைமுகம் உள்ள ஊரில் மொழிபெயர்ப்பவனும் இருப்பான். திருகோணமலையை 1639இல் ஒல்லாந்தர் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தனர். 1782 ஜனவரியில் ஆங்கிலேயரும், அதே ஆண்டு ஆகஸ்டில் பிரெஞ்சுக்காரரும் கைப்பற்றினர். 1795இல் திரும்பவும் ஆங்கிலேயர் வந்தனர். ஒவ்வொரு முறை கொடி மாறும்போதும் ஊர்ச் சனத்துக்கும் வந்தவனுக்கும் நடுவில் ஒருவன் நின்றான். சோழமண்டலக் கரையில் அவனைத் துபாஷி என்றார்கள். இருமொழிக்காரன் என்பது பொருள். ஒல்லாந்தர் 'தொல்க்' என்றனர். ஒருவர் பேசி முடித்த பிறகுதான் அவன் வாய் திறப்பான். பிழையாகச் சொன்னால் இடைமறித்துத் திருத்த அவகாசம் இருந்தது.

பேசப் பேசவே பெயர்க்கும் முறை பிந்தியது. ஜெனீவாவில் 1920களின் பிற்பகுதியில் சர்வதேச தொழில் மாநாடுகளில் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். உலகம் அறிந்தது 1945 நவம்பர் 20இல் தொடங்கிய நியூரம்பேர்க் விசாரணையில்தான். ஆங்கிலம், பிரெஞ்சு, ரஷ்யன், ஜேர்மன் என நான்கு மொழிகள், கருவிகள் ஐ.பி.எம். நிறுவனத்தினுடையவை. பேசுபவர் வேகமாகப் போனால் மஞ்சள் விளக்கு எரியும். நிறுத்தச் சொல்ல சிவப்பு. அங்கே மூல மொழிப் பேச்சையும் ஒலிப்பதிவு செய்தார்கள். எழுத்துப்படியைப் பின்னர் அந்தப் பதிவோடு ஒப்பிட்டுத் திருத்தினார்கள். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நமது நாட்டில் 1956இன் 33ஆம் இலக்கச் சட்டம் சிங்களத்தை மட்டும் அரச கரும மொழியாக்கியது. 1987இன் பதின்மூன்றாவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கி, ஆங்கிலத்தை இணைப்பு மொழி என்றது. 1988இன் பதினாறாவது திருத்தம் வடக்கு, கிழக்கின் நிர்வாக மொழி தமிழ் என்றது. சட்டம் சரிதான். ஆனால் ஒரே மண்டபத்தில் மூன்று மொழிக்காரர் கூடினால் சட்டப் புத்தகத்தால் மட்டும் காரியம் நடக்குமா? வயரும் பெட்டியும் ஆளும் வேணும்.

அந்தத் தேவை நமது மாவட்டத்துக்குத் துயரத்தோடுதான் வந்தது. 2006 ஆகஸ்டில் மூதூர் முஸ்லிம்கள் உடுத்த உடையோடு கந்தளாய்க்குப் போனதை நாம் மறக்கவில்லை. கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு 2010 டிசம்பரில் இங்கு அமர்ந்தது. பிறகு காணாமற்போனோர் பற்றி விசாரிக்க 2013இல் அமைக்கப்பட்ட ஆணைக்குழுவும் வந்தது. சாட்சி சொன்னவர்களில் பெரும்பாலோர் தமிழில் பேசினர். கேட்டவர்களில் பெரும்பாலோர் தமிழ் அறியாதவர். இந்த ஆணைக்குழுக்களின் மொழிபெயர்ப்புப் பற்றி அக்காலத்திலேயே கடும் விமர்சனம் எழுந்தது.

சில வருடங்களுக்கு முன் ஒரு பொதுக் கூட்டத்துக்குக் கருவி பூட்ட உதவி செய்யப் போயிருந்தேன். வேலை விளங்கினால் குறையும் விளங்கும். உரைபெயர்ப்பாளருக்கு ஒலி புகாத கூண்டு வேண்டும். ஒரு கூண்டில் இருவர் இருந்து இருபது, முப்பது நிமிடத்துக்கு ஒருமுறை மாறிக்கொள்ள வேண்டும். ஒலியை அனுப்ப இரண்டு வழி உண்டு. அகச்சிவப்புக் கதிர் சுவரைத் தாண்டாது, இரகசியம் காக்கும். ஆனால் நேரடி வெயில் பட்டால் குழம்பும். வானொலி அலை வெயிலுக்கு அஞ்சாது. ஆனால் சுவரைத் தாண்டிப் போகும். நமது மண்டபங்களோ காற்றுக்காக நாலு பக்கமும் திறந்தவை. ஆகவே வானொலிதான் கொண்டுவந்தார்கள். வாசலில் நிற்பவன் கையில் ஒரு கருவி இருந்தால் உள்ளே ஒரு தாய் அழுது சொல்வதை அவனும் கேட்பான். அதை யாரும் யோசிக்கவில்லை.

காதுக் கருவி வாங்க அடையாள அட்டையைக் கொடுத்துவைக்கச் சொன்னார்கள். "ஐசியைக் குடுத்துட்டு எப்படி மகன் இருக்கிற?" என்று ஒரு உம்மா பின்வாங்கினார். எத்தனை சோதனைச் சாவடி கண்டவர்! கடைசியில் கருவி இல்லாமலே இருந்தார்.

அன்று ஒரு பெண் பேசினார்: "வாப்பா கடலுக்குப் போன, இன்னம் வரல்ல. மௌத்தா ஹயாத்தா தெரியா." தன் பிள்ளைகளின் வாப்பாவை, அதாவது கணவரைத்தான் சொன்னார். கூண்டில் இருந்தவர் வேறு ஊர்க்காரர். 'என் தந்தை' என்று சிங்களத்தில் பெயர்த்தார். மௌத்து, ஹயாத்து இரண்டும் அவருக்குப் பிடிபடவில்லை, விட்டுவிட்டார். "உங்கள் தந்தைக்கு எத்தனை வயது?" என்று மேசையிலிருந்து கேள்வி வந்தது. தகப்பன் எப்போதோ மௌத்தானவர் என்பதால் அந்தப் பெண் திகைத்து நின்றார். நான் எழும்பிச் சொன்ன பிறகுதான் திருத்தினார்கள். நான் இல்லாதிருந்தால் ஒரு விதவையோ அரை விதவையோ ஒரு மகளாக மட்டும் பதிவில் இருந்திருப்பார்.

அந்த உரைபெயர்ப்பாளரைக் குறை சொல்ல மாட்டேன். நமது பேச்சு எந்தப் பாடநூலிலும் அவருக்குக் கற்பிக்கப்படவில்லை. நாமும் எழுதிக் கொடுக்கவில்லை. கிண்ணியா, மூதூர், புல்மோட்டைப் பேச்சில் உறவு, மரணம், கடல், காணி பற்றிய சொற்களைத் திரட்டி, சிங்களப் பொருளோடு ஒரு சிறு கையேடு செய்வது தமிழாசிரியரால் முடிகிற வேலை. இன்னொன்றையும் கேட்க வேண்டும்: எந்த விசாரணையானாலும் சாட்சியின் சொந்தக் குரல் தனியாகப் பதிவாக வேண்டும். நியூரம்பேர்க்கில் 1945இலேயே செய்தது இங்கே இன்று முடியாததல்ல. பெயர்ப்பு பிழைத்தால், திரும்பிப் போய்க் கேட்க அந்தக் குரலாவது இருக்கும்.